மறு: பேரிடர் கேள்விக்கு எல்லாத் துறையும் 'ஆம்' போடுகிறது
திட்டங்களுக்காகத் துறைகள் நிரப்பும் படிவத்தில் "பேரிடர் ஆபத்து கவனிக்கப்பட்டதா?" என்ற கட்டத்தில் எல்லாரும் 'ஆம்' போட்டு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். ஆம், இல்லை என்று கேட்டால் அப்படித்தான் வரும். எண்ணைக் கேளுங்கள்.

ஒரு சிறுபாலத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டு வெள்ளம் (சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது) என்றால் ஆண்டுக்கு 10% வாய்ப்பு; 20 ஆண்டில் ஒருமுறையாவது வர 88%. அடித்துப்போனால் இழப்பு 50 லட்சம் என்றால் ஆண்டுச் சராசரி 5 லட்சம். 10% தள்ளுபடி வீதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைக்கும் வீதம்) 20 ஆண்டுக்கு இன்றைய மதிப்பு சுமார் 43 லட்சம். அந்த வெள்ளம் தடையில்லாமல் போக இன்னொரு கண் (பாலத்தின் அடியில் நீர் போகும் திறப்பு) கூட்ட 20 லட்சம்தான் ஆகும் என்றால், நிதித்துறை மறுப்பது கடினம்.

எந்த ஆண்டு வரையிலான மழைத் தரவு என்றும் கேளுங்கள். பழைய தரவில்தான் கணக்கு கவிழும்.

படிவத்தைச் செலவு மதிப்பீடு போடும் முன்பே அனுப்புங்கள். போட்டு முடித்த வடிவமைப்பை யாரும் திருத்த மாட்டார்கள். தூர்வார, பட்ஜெட்டின் பராமரிப்புத் தலைப்பில் தனித்தொகை இல்லாவிட்டால் கூட்டிய கண்ணும் அடைத்துக்கொள்ளும்.