சிகரெட்ட விட்டா வெயிட் ஏறிடும்னு பயப்படுற அப்பாவுக்கு

பினாங்கு ஜெலுத்தோங்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். பாயான் லெப்பாஸ்ல சிப்ட் வேலை, குழந்தைக்கு 25 நாள்தான் ஆகுது, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் இழுக்கிறவர். முன்னாடி ஒரு தடவ விட்டு 7 கிலோ ஏறிப்போய் அந்த எரிச்சல்லயே திரும்பப் பிடிக்க ஆரம்பிச்சாராம். இப்ப குழந்தைக்காக விடணும், ஆனா வெயிட் ஏறக்கூடாது, கூட வேலை செய்யறவர் ஒரு சிலிம்மிங் கோப்பி (வெயிட் குறைக்கும்னு விக்கிற காபித்தூள்) விக்கிறார், வாங்கலாமான்னு கேள்வி.

வாங்காதீங்க தம்பி. இத முதல்ல சொல்லிட்டுத்தான் மத்தது.

அந்த மாதிரி கோப்பியில சிபுட்ராமின்னு பசிய அடக்குற ஒரு மருந்தக் கலந்து விக்கிறது நம்ம மலேசியாவுல திரும்பத் திரும்ப மாட்டியிருக்கு. மாரடைப்பு, ஸ்ட்ரோக் ஆபத்துன்னு 2010லயே நிறுத்தின மருந்து அது. பெட்டியில ஜின்செங், கொலாஜென்னு அழகா போட்டிருப்பான், உள்ள இருக்கிறத எழுதியிருக்க மாட்டான். போன வருசம் ஒரு அண்ணன் என் பார்மசி கவுண்டர்ல நின்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே இல்லங்கிறார், பிரஷர் பார்த்தா 170, பிளாஸ்டிக் பைக்குள்ளேர்ந்து அதே மாதிரி ஒரு கோப்பி பாக்கெட்ட எடுத்து வைக்கிறார். ஏஜென்ட்கிட்ட கேட்டா 'இது மருந்தில்ல அண்ணே, வெறும் கோப்பி, அதான் மால் நம்பர் (பதிவான மருந்துக்கு அரசாங்கம் குடுக்கிற நம்பர்) இல்ல'ன்னு பதில் ரெடியா வச்சிருப்பான். வெறும் கோப்பின்னா பசி எப்படிய்யா அடங்குது? மூணு கிலோ ஒரு வாரத்துல எப்படி இறங்குது? வாட்சப்புல விக்கிறவன் நாளைக்கு நம்பர மாத்திட்டுப் போயிடுவான், பிரஷரோட உக்காந்திருக்கப் போறது நீங்க.

இப்ப வெயிட்டுக்கு வருவோம். நிக்கோட்டின் பசிய அமுக்கி வச்சிருக்கும், உடம்பு எரிக்கிறதையும் கொஞ்சம் கூட்டிவிடும், அது நின்னதும் ரெண்டும் பழைய நிலைக்குத் திரும்புது, அவ்வளவுதான். சராசரியா முதல் வருசத்துல 4லேர்ந்து 5 கிலோ ஏறும், பெரும்பங்கு முதல் 3 மாசத்துலயே. சில பேருக்கு ஏறவே ஏறாது. உங்களுக்கு போன தடவ 7 கிலோ ஏறினது கைக்கும் வாய்க்கும் வேலை இல்லாமப் போனதாலயும்தான். ராத்திரி 3 மணிக்கு குழந்த அழுது எந்திரிக்கிறீங்க, முன்னாடின்னா வராந்தாவுல போய் ஒண்ணு பத்த வச்சிருப்பீங்க, இப்ப பாட்டில் சூடு ஆறுற வரைக்கும் கை பிஸ்கட் டின்னுக்குள்ள போகும், கூடவே கெட்டிப்பால் ஊத்தின மைலோ. வீட்டுல 40 நாள் பத்தியம் நடக்குது, நல்லெண்ணெயில பூண்டும் கோழியும், அது பிள்ள பெத்தவங்களுக்கு, ஆனா சட்டிய வழிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். தூக்கம் கெட்டாலே பசி கூடும், அது வேற. அந்த டின்ன மேல் ஷெல்புக்கு ஏத்திட்டு வெள்ளரிக்கா, கொய்யாக்கா வெட்டி கண்ணுக்கு எதிர்ல வைங்க, தே தாரிக்க (பால் டீய) தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத டீ) ஆக்குங்க, அதுவே பாதி வேலை. ஆனா சோறக் குறைச்சு பட்டினி கிடக்காதீங்க, பசி வயித்தோட சிகரெட் ஆசைய எதிர்த்து நிக்க முடியாது. அந்த ஆசையும் அஞ்சு நிமிசம் தாக்குப் பிடிச்சா தானா இறங்கிடும்.

கோப்பி விசயம் ஒண்ணு இருக்கு, யாரும் சொல்றதில்ல. சிகரெட் பிடிக்கிறவங்க உடம்பு கோப்பி சத்த வேகமா வெளிய தள்ளும், விட்டதும் அந்த வேகம் குறைஞ்சிடும், அதனால அதே ரெண்டு கப் நாலு கப் மாதிரி அடிக்கும். கை நடுங்குது, தூக்கம் வரல, உடனே 'சிகரெட்ட விட்டதுதான் ஒத்துக்கல'ன்னு திரும்ப வாங்கப் போயிடுறாங்க. கோப்பிய பாதியாக்குங்க. இதுல ஒரு ஆளுங்க மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஆஸ்துமாவுக்கு தியோபிலின் மாத்திர சாப்பிடுறவங்க. கோப்பி மாதிரியே அந்த மருந்தும் கல்லீரல்ல அதே வழியிலதான் போகும், சிகரெட்ட விட்டா ரத்தத்துல அளவு ஏறி வாந்தி, படபடப்பு, முத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். உங்களுக்கு இல்லன்னாலும் உங்க அப்பாவோ மாமாவோ கூடவே விடுறதா இருந்தா, அவங்க மாத்திர பேர ஒரு தடவ படிச்சுப் பாருங்க, தியோபிலின்னா விடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி அளவ மாத்தணும்.

வேப்புக்கு (எலெக்ட்ரானிக் சிகரெட்டுக்கு) மாறிக்கிறேன்னு சொல்லாதீங்க, பெரும்பாலும் நிக்கோட்டின் அதுலயும் இருக்கு, இழுக்கிற பழக்கமும் விடாது.

நிக்கோட்டின் சூயிங்கம் வெயிட் ஏறுறதத் தள்ளிப் போடும், அதுக்குள்ள நீங்க சாப்பாட்ட ஒழுங்கு பண்ணிக்கலாம். எந்திரிச்ச அரை மணிக்குள்ள முதல் சிகரெட்டுன்னா 4 மில்லிகிராம், இல்லன்னா 2. பபிள்கம் மாதிரி மெல்லாதீங்க, விக்கலும் குமட்டலும் வந்து 'வேலைக்கு ஆகல'ம்பீங்க. மெதுவா மென்னு, காரமா சுள்ளுன்னதும் கன்னத்தோரம் ஒதுக்கி வச்சு, அடங்கினதும் மறுபடி மெல்லணும். கோப்பி குடிச்சு 15 நிமிசத்துக்குள்ள போட்டா நிக்கோட்டின் உடம்புல சரியா சேராது.

அரசாங்க கிளினிக்குல புகை நிறுத்தும் பிரிவுல ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும். ஆனா பாதி இடத்துல வாரத்துல ஏதோ ஒரு நாள், அதுவும் ஆபிஸ் நேரத்துல. நைட் சிப்ட் முடிச்சு கண்ணு சொருகிட்டு வர்றவன் எப்படிப் போவான்? சிலிம்மிங் கோப்பி ஏஜென்ட் ராத்திரி 11 மணிக்கும் பதில் போடுறான், நாம மட்டும் அடுத்த மாசம் வாங்கன்னு தேதி குடுத்து அனுப்புறோம், இத எத்தன தடவ சொல்லியாச்சு. நீங்க அதுக்காகக் காத்திருக்காதீங்க, பக்கத்து பார்மசியில பார்மசிஸ்ட் இருக்கிற நேரம் கேட்டுட்டுப் போங்க, ஒரு நாளைக்கு எத்தன சிகரெட், எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட், இந்த ரெண்டையும் சொன்னா போதும்.

மென்ன கம்ம பேப்பர்ல சுத்தி மூடி போட்ட குப்பத் தொட்டியில போடுங்க. தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச் போட்டீங்கன்னா கழட்டினதும் பசப்பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சிடுங்க, அதுல இன்னும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும், குழந்த தவழ ஆரம்பிக்க ரொம்ப நாள் ஆகாது.