நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும், காற்றும் வரக்கூடாது: இப்படி ஒரு ஜன்னல் செய்ய முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பக்கவாட்டில் நகர்த்தவும், துடைப்பதற்காக உள்பக்கம் சுழற்றித் திறக்கவும் கூடிய ஜன்னலை, மூடினால் காற்றே புகாதபடி வடிவமைக்க முடியுமா? நகரும் ஜன்னல் என்றாலே காற்று வரத்தான் செய்யும் என்கிறார்களே?"

முடியும். செய்து, பொருத்தி, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அது தாங்கியதைப் பார்த்தும் ஆகிவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினியத்திலும் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் ஜன்னல்கள் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. "வரத்தான் செய்யும்" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சரியாகச் செய்யாத ஜன்னல்களுக்கெல்லாம் அந்த ஒரு பேச்சுதான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. உயரமான மாடியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், கட்டியவர்கள் வைத்துக் கொடுத்த இரண்டு ட்ராக் ஜன்னல் இரவில் விசில் அடிக்கிறது, வெளிக்கண்ணாடியில் உப்பும் தூசியும் படிந்து கை எட்டாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கேட்டிருந்தாலும் பதில் இதுதான்.

நகரும் ஜன்னலில் காற்று ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கதவைப் போல மூடும் ஜன்னலில் ஷட்டர், அதாவது கண்ணாடி பொருத்திய அசையும் சட்டம், போய் ஃப்ரேம்மீது அழுந்துகிறது. நடுவிலுள்ள கேஸ்கட் என்ற ரப்பர் அடைப்புப் பட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நசுங்கி இடைவெளியை அடைத்துவிடுகிறது. நகரும் ஜன்னலிலோ ஷட்டர் ஃப்ரேமை ஒட்டியே ஓட வேண்டும். நசுங்கிய ரப்பரை இழுத்துக்கொண்டு எந்த ஷட்டரும் ஓடாது. அதனால் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் பிரஷ், அதாவது மயிர் போன்ற இழைகள் கொண்ட பட்டை, வைக்கிறார்கள். பிரஷ் தூசியைப் பிடிக்கும், காற்றின் வேகத்தைக் குறைக்கும். காற்றை நிறுத்தாது.

பிரஷ்ஷைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஷட்டர்களும் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்டர்லாக்கின் மேல்நுனியையும் கீழ்நுனியையும் பாருங்கள். வெளி ஷட்டரின் பிரஷ் ஒரு ட்ராக்கிலும், உள் ஷட்டரின் பிரஷ் அடுத்த ட்ராக்கிலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த இடத்தில் பெரும்பாலான ஜன்னல்களில் அடைப்பே கிடையாது. காற்று வீசும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, ஜன்னல் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் புகை இலேசாக அலையும். இன்டர்லாக்கின் கீழ்மூலைக்கு வந்ததும் புகை மேலே போகாமல் அப்படியே படுத்து அறைக்குள் ஓடும். குனிந்து பார்த்தால் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை தெரியும். அங்கே வைப்பதற்கென்றே சிறிய ரப்பர் கட்டைகள் விற்கிறார்கள். அதைக்கூட வைக்காமல்தான் பல கட்டடங்களில் கணக்கை முடித்துவிட்டுப் போகிறார்கள்.

இதில் சுழற்சியையும் சேர்த்தால் சிக்கல் கூடுகிறது. ஷட்டர் சுழல வேண்டுமானால் அதன் ஒரு பக்கம் ட்ராக்கைவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே வர ட்ராக்கில் ஒரு வெட்டு வேண்டும். அந்த வெட்டு புது ஓட்டை. பால்கனிகளுக்குப் போடும் சட்டமில்லாத கண்ணாடிகளில் இதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்ந்துபோய் உள்ளே திரும்பும். பார்க்க மிக அழகு, ஆனால் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி உண்டு. அது பால்கனிக்கு ஏற்றதுதான். படுக்கையறைக்குச் சரிவராது.

ஆகவே வடிவமைப்பில் முதல் முடிவு இதுதான்: காற்றைத் தடுக்கும் கோடு ஓரிடத்தில், ஷட்டர் ஓடும் பாதை வேறோர் இடத்தில். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எத்தனை வரிசை பிரஷ் ஒட்டினாலும் பயன் இல்லை.

இதை நாங்கள் செய்துபார்க்க நேர்ந்தது திருவான்மியூரில், கடலைப் பார்த்த பதினோராம் மாடி வீடு ஒன்றில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கணவரோடு வசிக்கிறார். அளவெடுக்கப் போயிருந்தபோது அவர் காற்றைப் பற்றி முதலில் பேசவில்லை. "தம்பி, நம் வீட்டில் வேலை செய்கிற பெண் இந்த விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையால் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெளிக்கண்ணாடியைத் துடைக்கிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அவளை இனிமேல் அங்கே உட்கார வைக்காத ஜன்னல் ஒன்று செய்துகொடுங்கள். இந்த இரைச்சலும் நின்றால் இன்னும் நல்லது" என்றார். இங்கிலாந்தில் 1847லேயே ஒரு சட்டம், நிலவறைத் தளம் நீங்கலாக மற்ற ஜன்னல்களின் விளிம்பில் வேலையாளை நிறுத்தித் துடைக்கவோ சாயம் பூசவோ வைப்பதைக் குற்றமாக்கியது. நம் ஊரில் இன்றும் நாள்தோறும் நடக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

"சாதாரணமாகத் திறக்கும் ஜன்னல் வைத்தால் போயிற்று, எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வெளிப்பக்கம் திறந்தால், அந்த உயரத்துக் காற்றில் ஷட்டர் அறைந்து கீல் பிய்ந்துவிடும் அபாயம் உண்டு. உள்பக்கம் திறந்தால் தினமும் கட்டில் இடிக்கும். தினசரிக்கு நகர வேண்டும், துடைக்கும் நாளில் மட்டும் கட்டிலைத் தள்ளிவிட்டுச் சுழற்றினால் போதும். இரண்டு அசைவும் அந்த வீட்டுக்குத் தேவைதான். அங்கே வந்திருந்த கட்டடக் கலைஞர், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று என்னிடமும் சொன்னார். அன்றே தீர்மானித்துவிட்டேன், இரண்டையும் கொடுப்பதென்று.

இது என் கண்டுபிடிப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் பழைய அடுக்கு வீடுகளில் மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்கள் உண்டு. சிலவற்றில் துடைப்பதற்கென்று கீழ்ச்சட்டத்தைக் கயிற்றிலிருந்து கழற்றிக் கீலில் உள்ளே திருப்பலாம். ஜெர்மனியில், ஷட்டர் முதலில் ஃப்ரேமைவிட்டு உள்ளே விலகி, பிறகு நகரும் அமைப்பு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது ஜெர்மன் அமைப்பின் மூடும் முறையையும், துடைக்க உள்ளே திருப்பும் ஸ்காட்லாந்து எண்ணத்தையும்.

ஃப்ரேமின் நடுவே செங்குத்தாக அசையாத ஒரு நிலைத்தண்டு. இடப்பாதி நிலையான கண்ணாடி, வலப்பாதி அசையும் ஷட்டர். ஷட்டர் அறைப்பக்கத்திலிருந்து ஃப்ரேம்மீது அழுந்துகிறது. நான்கு பக்கமும் ஒரே தளத்தில் இருப்பதால் கேஸ்கட் எங்கும் தாவாமல் ஒரு முழுச் செவ்வகமாகச் சுற்றி வருகிறது. கைப்பிடி கீழ்நோக்கி இருக்கும்போது, சுற்றியுள்ள பூட்டு முனைகள் ஷட்டரை இறுக்கி இழுத்துப் பிடிக்கின்றன. கைப்பிடியைப் படுக்கையாகத் திருப்பினால் ஷட்டர் சிறு கரங்களின்மேல் உள்ளே விலகி, கேஸ்கட்டைத் தொடாமல் ட்ராக்கில் நின்று, இடப்பக்கக் கண்ணாடியின் முன்னால் ஓடுகிறது. கடைசிவரை தள்ளி நிறுத்தியபின் சாவி போட்டால்தான் சுழற்சி விடுபடும். இடது ஓரம் அச்சாக நிற்க, வலது ஓரம் வெட்டு வழியாக ட்ராக்கைவிட்டு அறைக்குள் திரும்புகிறது. அந்த வெட்டு முழுவதும் கேஸ்கட் கோட்டுக்கு அறைப்பக்கத்தில் இருக்கிறது. அதனால் அதன் வழியாகக் காற்று நுழைய வழியே இல்லை. ட்ராக்கில் எத்தனை வெட்டு வேண்டுமானாலும் போடலாம்.

இடப்பக்க நிலைக்கண்ணாடியை எப்படித் துடைப்பது என்ற கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பாதியையும் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் வைத்தோம். இடுப்புக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு குறுக்குக் கம்பி. அறைக்குள் நின்றபடியே நீளப்பிடி வைத்த துடைப்பானால் எட்டிவிடும். கொசுவலையும் வெளிப்பக்கம்தான் வர வேண்டும், சுருட்டி ஏற்றும் வகையாக.

எடையை மறந்துவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுரமீட்டருக்கு 2.5 கிலோ. 60க்கு 140 சென்டிமீட்டர் ஷட்டரில் இரண்டு 6 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டும் 25 கிலோ. நகரும்போது இரு ரோலர்களும் தாங்கும் அந்த எடை, சுழலும்போது முழுவதும் அச்சுப் பக்கத்தில் தொங்குகிறது. கண்ணாடிக்கு வைக்கும் பேக்கிங் கட்டைகளை அச்சின் கீழ்மூலையிலும் அதற்கு மூலைவிட்டமாக எதிர்மேல் மூலையிலும் வைத்து எடையை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எதிர் ஓரம் தொங்கி, திரும்ப மூடும்போது ரோலர் வெட்டுக்குள் நேராகப் போய் உட்காராது.

அடுத்தது வெப்பம். யுபிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும். 1.4 மீட்டர் உயரத்தில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 3 மில்லிமீட்டர். அதே நீள அலுமினியம் 1 மில்லிமீட்டர்தான் நீளும். மாலை வெயிலிலும் பூட்டு முனைகள் சிக்காமலும், மார்கழிக் காலையில் கேஸ்கட் தளராமலும் இருக்க, அந்த 3 மில்லிமீட்டரை எங்கே விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கேஸ்கட்டை மூலைகளில் வெட்டி ஒட்டாதீர்கள். ஒரே துண்டாகச் சுற்றி, மேல் நடுவில் ஒரே ஓர் இணைப்பு கொடுங்கள். மழைநீர் தேங்காத இடம் அது.

"இதெல்லாம் குளிர்நாட்டுக்கு, சென்னைக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காற்றழுத்தத்தைக் கணக்கிட நம் ஐஎஸ் 875 தரநிலை தரும் சூத்திரம் எளியது: நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6ஆல் பெருக்கினால் பாஸ்கலில் அழுத்தம். மணிக்கு 46 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 100 பாஸ்கல், அதாவது 10 மில்லிமீட்டர் உயர நீரைத் தூக்கும் அழுத்தம். சென்னைக்கு அந்தத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படை வேகமோ நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலின் ட்ராக்கில் நின்ற தண்ணீர் உலை கொதிப்பதைப் போலக் குமிழியிட்டுத் தரையில் தெறித்தது. மழை ட்ராக்கை நிரப்பிவிட்டது என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. அறைப்பக்கம் அடைப்பு இல்லாததால் காற்று உள்ளே பாய்ந்தது. வடிகால் துளை வழியே வெளியேற வேண்டிய நீரையும் அந்தக் காற்றே தள்ளிக்கொண்டு வந்தது. உள்கேஸ்கட் இறுக்கமாக இருந்தால் அதற்கு வெளியே ஃப்ரேமுக்குள் இருக்கும் குழிவின் அழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமமாகிவிடும், நீர் தன் எடையிலேயே இறங்கிப்போகும். காற்றை நிறுத்தினால்தான் மழையும் நிற்கும். ஏசி மின்கட்டணம் குறைவது அதற்குப் பிறகு வரும் ஆதாயம்.

ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 12207 காற்றுக் கசிவை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. 100 பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு சதுரமீட்டர் ஜன்னல் வழியே மணிக்கு 50 கனமீட்டர் வரை வரலாம் என்பது முதல் வகுப்பு. 3 கனமீட்டர் மட்டுமே என்பது நான்காவது. எங்கள் ஜன்னல் நான்காம் வகுப்பு என்று நான் உரிமை கோரவில்லை. அதற்கு ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். ஊதுவத்திப் புகை நான்கு மூலைகளிலும் நேராக மேலே போகிறது, அந்த அம்மா இரவில் நன்றாகத் தூங்குகிறார், அந்தப் பெண் தரையில் நின்று துடைக்கிறார். இவ்வளவுக்கு நான் பொறுப்பு. ஜன்னல் விற்பவன் ஜன்னலைப் புகழ்கிறான் என்று எழுத வருபவர்கள், மேலே சொன்ன கணக்கைச் சரிபார்த்துவிட்டு எழுதட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெரிய குடியிருப்பு ஒன்றில் எங்கள் ஆட்களை லிஃப்டில் ஏற விடவில்லை. ஷட்டரும் கண்ணாடியும் லிஃப்டில் போகலாமாம், அதைத் தூக்கி வந்தவர்கள் படியேறி வர வேண்டுமாம். பதினைந்து மாடி. அதில் ஒருவர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். மூச்சிரைக்க ஏறி வந்து, உட்காரவும் இடமில்லாமல், ரசமட்டத்தைக் கையில் எடுத்தார். அவர் பொருத்திய ஜன்னலுக்குப் பின்னால்தான் அந்த வீட்டார் குளிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சரக்கு லிஃப்டிலாவது ஏற விடுங்கள் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர்கள் எப்படி மேலே வருகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வடிவமைப்புக்கு வருகிறேன். ஜன்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுவரில் விட்ட இடம் கோணலாக இருந்தால் கேஸ்கட் ஒரு மூலையில் அழுந்தாது. கொத்தனார் வேலை முடிந்தபின் தூக்குக்குண்டு போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்த பிறகே ஃப்ரேமுக்கு அளவு கொடுங்கள். அடியில் வரும் கிரானைட் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அதன் அடிவிளிம்பில் நீர் சொட்டிவிழ ஒரு பள்ளக்கோடும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால் அந்த ஜன்னலுக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அடைத்த குளியலறையில் அது உயிரை வாங்கிவிடும். சமையலறையிலும் காற்றுப் போக்குக்கு வழி வைத்துவிட்டுத்தான் ஜன்னலை இறுக்க வேண்டும். படுக்கையறையில் இரவெல்லாம் ஸ்பிளிட் ஏசி ஓடினாலும் அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சற்று நேரம் நகர்த்தித் திறந்து வைக்கும் பழக்கம் போகக்கூடாது.

வரையத் தொடங்கும்போது முழு ஜன்னலின் தோற்றத்தை முதலில் வரையாதீர்கள். அடிப்பகுதிக் குறுக்குவெட்டு, நடுத்தண்டுக் குறுக்குவெட்டு, கீழ்மூலை இந்த மூன்றையும் முழு அளவில் வரைந்து, கேஸ்கட் கோட்டைச் சிவப்பு மையில் பேனாவை எடுக்காமல் இழுத்துப் பாருங்கள். எந்த இடத்திலாவது பேனாவை எடுக்க வேண்டி வந்தால் அந்தப் படத்தைப் புகைப்படம் எடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.