அக்கித் தடுப்பூசி போட்டால் அக்கி வந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. பையன் அக்கிக்கு ஷிங்ரிக்ஸ் ஊசி போடச் சொல்கிறான். அதில் அந்த வைரஸின் உறைப் புரதம்தான் இருக்கிறதாமே? அதனாலேயே அக்கி வந்துவிடாதா?

பதில்: வராது. அக்கி வர வைரஸின் டி.என்.ஏ. வேண்டும். இந்த ஊசியில் இருப்பது கிளைக்கோபுரோட்டீன் ஈ என்ற ஒற்றைப் புரதம், அதுவும் வால் நறுக்கப்பட்டது.

சின்னம்மை, அக்கி இரண்டுக்கும் காரணமான ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் இந்த உறைப் புரதத்தை நம் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை வைத்தே செய்துகொள்கிறது. 623 அமினோ அமிலச் சங்கிலி அது. முன்முனையில் உள்ள சமிக்ஞைத் துண்டு அதை செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலைக்குள் செலுத்தும். கடைசிப் பகுதியில் கொழுப்போடு ஒட்டும் துண்டு ஒன்று வந்ததும் நகர்வு நின்றுவிடும். புரதம் சவ்வில் குறுக்காக நங்கூரமிட்டு, 62 அமினோ அமில வாலை மட்டும் செல்லின் உட்திரவமான சைட்டோபிளாசத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை என்ற செல் உறுப்பில் அதன் சர்க்கரைச் சங்கிலிகள் முழுமையாகி, செல்லின் மேற்பரப்பை எட்டும். அங்கேயும் தங்காது. வாலில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலக் குறியைப் பிடித்து செல் அதை மறுபடி உள்ளே இழுக்கும். கோல்கையின் வெளிமுனையை ஒட்டிய சவ்வுப் பைகளில் அது சேர, வைரஸ் அங்கேதான் கடைசி உறையைப் போர்த்திக்கொள்கிறது.

தடுப்பூசிக்காக நங்கூரத் துண்டையும் வாலையும் மரபணுவிலேயே வெட்டிவிடுகிறார்கள். பிடிமானம் இல்லாததால் புரதம் சவ்வில் மாட்டாமல், அதைத் தயாரிக்கும் ஹாம்ஸ்டர் செல்களிலிருந்து வளர்ப்புத் திரவத்துக்குள் கசிந்து வருகிறது, சுத்திகரிப்பது எளிது. ஒரு டோஸில் 50 மைக்ரோகிராம். வெறும் புரதத்துக்கு எதிர்ப்பு மந்தமாகவே எழும் என்பதால் எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருள் சேர்க்கிறார்கள். ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் கைவலி, உடம்புவலி, காய்ச்சல் வருவது பெரும்பாலும் அதனால்தான். பயப்பட வேண்டாம், தேவைப்பட்டால் பாரசிட்டமால் போதும்.

உங்களுக்குச் சர்க்கரை தடையல்ல. மேற்கைத் தசையில் இரண்டு டோஸ், 2 முதல் 6 மாத இடைவெளியில். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, இரண்டாவதைப் போட்டால் போதும். ஆனால் முதல் டோஸோடு பலர் நின்றுவிடுகிறார்கள், அதுதான் வீண். மருந்து பொடியும் திரவமுமாக இரண்டு குப்பிகளில் வரும். கலந்த பின் ஃபிரிட்ஜில் வைத்தாலும் 6 மணி நேரம்தான். உறைந்துபோன குப்பியை வாங்காதீர்கள்.

அக்கி இருக்கும்போது போடக் கூடாது. ஒருவேளை அக்கி வந்தால் காவி எழுதிக் காத்திராமல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குங்கள். கண்ணருகே வந்தால் அன்றைக்கே.