மக்கள் விரும்பிக் குடித்த ஓர் உள்ளூர் பீர் எப்படிக் காணாமல் போகிறது?

எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நாராகான்செட். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே வயதானவர்கள் இந்தப் பேரைச் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள். அதைக் கேட்டுத்தான் தேடிப் படித்தேன்.

1890-இல் ஜெர்மன் வம்சாவளி வியாபாரிகள் சிலர் சேர்ந்து கிரான்ஸ்டன் நகரில் ஆலையைத் தொடங்கினார்கள். மதுவிலக்குக் காலத்தைத் தாண்டி, ருடால்ஃப் ஹாஃபன்ரெஃபர் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வளர்ச்சி. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டங்களின் ஒலிபரப்புக்கு விளம்பரதாரர் ஆனார்கள். வர்ணனையாளர் கர்ட் கௌடி "வாங்க பக்கத்து வீட்டுக்காரரே, ஒரு கான்செட் குடிங்க" என்று அழைப்பது நியூ இங்கிலாந்து என்னும் வடகிழக்கு வட்டாரத்தின் ஆறு மாநிலங்களிலும் வீட்டுக்கு வீடு கேட்டது. 1964-இல் அந்த வட்டாரத்தில் விற்ற பீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவர்களுடையது. முதலிடம்.

அடுத்த வருடமே ஆலையை விற்றுவிட்டார்கள். வாங்கியது செயின்ட் லூயிஸில் இருந்த ஃபால்ஸ்டாஃப், அப்போது நாட்டின் நான்காவது பெரிய பீர் நிறுவனம். 32 மாநிலங்களில் விற்றும் வடகிழக்கில் அதற்கு விற்பனை இல்லை. இப்படி வாங்கினால் போட்டி குறையும் என்று அரசு வழக்குப் போட, அது 1973-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தீர்ப்பில் இருக்கும் எண்கள்தான் என்னை உலுக்கின. 1964-இல் 21.5 சதவீதமாக இருந்த பங்கு, 1969-இல் 15.5. அதே ஐந்து வருடத்தில், நாடு முழுக்க விற்கும் முதல் இரண்டு நிறுவனங்களுக்கு நியூ இங்கிலாந்தில் இருந்த பங்கு 16.5-இலிருந்து 35.8. போட்டி குறைந்துவிடும் என்று வழக்கு நடந்துகொண்டிருக்க, நாராகான்செட் கரைந்துகொண்டிருந்தது!

டிவி விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் தேசிய நிறுவனங்களோடு உள்ளூர் ஆலை போட்டி போட முடியாது. போதாததற்கு 1970-இல் ஆன்ஹைசர் புஷ், பட்வைசர் காய்ச்ச பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரிலேயே ஆலை திறந்தது. தூரத்திலிருந்து கொண்டுவரும் செலவு என்ற ஒரே பாதுகாப்பும் போயிற்று.

ஆனாலும் போட்டியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1975-இல் ஃபால்ஸ்டாஃப், பால் கல்மனோவிட்ஸ் கைக்குப் போனது. நலிந்த ஆலைகளை வாங்கி, விளம்பரம், ஆட்கள் என்று எல்லாச் செலவையும் வெட்டி, பேர் ஓடும்வரை லாபம் எடுப்பது அவர் வழி. கிரான்ஸ்டன் ஆலை 1981-இல் மூடப்பட்டது. அப்புறம் இண்டியானாவில் காய்ச்சி, அதே பேர் ஒட்டி விற்றார்கள். ஊர்க்காரர்கள் எதற்காக வாங்க வேண்டும்? ரேடியோவில் 'பக்கத்து வீட்டுக்காரரே' என்று கூப்பிட்டு விற்ற பீர் அது. சொந்த ஊரில் ஆலை இருந்தால்தான் அந்த அழைப்புக்கு மதிப்பு. கணக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன்.

2005-இல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த மார்க் ஹெலன்ட்ரங், முதலீட்டாளர்களைச் சேர்த்து பேரைத் திரும்ப வாங்கினார். பெரும்பகுதியை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் காய்ச்ச வேண்டியிருந்தாலும், 2021-இல் பிராவிடன்ஸில் சொந்த ஆலை திறந்துவிட்டார்கள். பழைய முதலிடம் இனி வராது. ஆனால் கடைகளில் கிடைக்கிறது, ஊரும் வாங்குகிறது.