ஓவாஹுவில் ஈட்டியால் மீன்பிடிக்க ஆசைப்படும் பையனின் அம்மாவுக்கு

வணக்கம் சகோதரி. ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஹவாய்க்கு, ஓவாஹு தீவுக்குக் குடிவருகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் 15 வயது மகன் கடலுக்குள் முங்கி ஈட்டியால் மீன் குத்தும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, போனதும் ஸ்பியர்கன், அதாவது ஈட்டி எய்யும் துப்பாக்கி, வாங்கித் தரவேண்டும் என்று இப்போதே நச்சரிக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தத் துப்பாக்கி நல்லது, லைசென்ஸ் வேண்டுமா, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, மளிகை கிடைக்குமா என்று ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளிக்கூடமும் உங்கள் கணவரின் அலுவலகத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும். எனக்குப் பையன் விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்தப் பையனாக ஒரு காலத்தில் நானே இருந்திருக்கிறேன்.

நான் வந்தது 1993 ஆகஸ்டில், 14 வயதில். சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பாவுக்கு இறால் குஞ்சு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஹொனலூலு விமான நிலையத்தில் நாங்கள் நான்கு பேர், ஆறு பெட்டி. வீடு பார்த்து வைத்திருக்கிறேன், நேரில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்ன நம்மூர்க்காரர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. ராத்திரி பதினோரு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஒரு விடுதி அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால், அம்மா புடவைக்குள் சுற்றி எடுத்துவந்த மண்சட்டி நான்கு துண்டாகக் கிடந்தது. அதுவரை தைரியமாக இருந்த அம்மா அப்போதுதான் அழுதாள். அந்த மனிதரைப் பிறகு பல விழாக்களில் பார்த்திருக்கிறேன். இன்றுவரை அவர் காரணம் சொன்னதில்லை. நாட்டை விட்டு வருகிற ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓவாஹுவிலேயே கானியோஹி என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. பள்ளியில் என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுகிற பிட்ஜின், அதாவது இங்கிலீஷோடு பல மொழிகள் கலந்த உள்ளூர்ப் பேச்சு, எனக்குப் புரியவில்லை. பல மாதம் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டேன். என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பெரியவர். ஜப்பானிய வம்சாவளி, தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இங்கே பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு அங்கிள், ஆன்ட்டிதான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், தினமும் சோறு சாப்பிடுகிறார்கள். அந்த வகையில் நமக்கு இது அந்நிய ஊரே இல்லை. அங்கிள் ஒருநாள் தன் கார் ஷெட்டில் மும்முனை ஈட்டி ஒன்றுக்கு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். வருகிறாயா என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆனால் ஆறு மாதம் அவர் ஈட்டியை என் கையில் கொடுக்கவில்லை. முகக் கண்ணாடி, மூச்சுக் குழாய், காலில் துடுப்பு. அவருக்குப் பின்னால் வெறுமனே மிதந்து வரவேண்டும். கரை ஏறியதும், என்ன பார்த்தாய் என்று கேட்பார். முதல் நாள் நான், மீன் பார்த்தேன் என்றேன். அவர் பேசாமல் நடந்துவிட்டார். போகப்போகக் கண் பழகியது. பாறைப் பொந்தின் வாசலில் உடைந்த சிப்பி ஓடும் சிறு கல்லும் குவிந்து கிடந்தால் உள்ளே பேய்க்கணவாய் இருக்கிறது. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நறநறவென்று கேட்கும். நகரை மீன் தாடையில் தொங்கும் இரண்டு இழைகளால் மணலைத் துழாவிக்கொண்டு போகும். பாரை வந்தால் துரத்தக்கூடாது, அடியில் அசையாமல் கிடந்தால் அதுவே பார்க்க வரும். இந்த மீன்களுக்கெல்லாம் இங்கே வேறு பெயர்: ஹெஎ, ஊஹு, வெக்கே, ஊலுவா. எனக்கு அவற்றைப் பார்த்ததும் தூத்துக்குடி ஏலக்கூடம்தான் ஞாபகம் வந்தது. பெயர் மாறினாலும் அதே குடும்பத்து மீன்கள்தானே.

இப்போது துப்பாக்கிக் கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளே பெரும்பாலும் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் பாயும் மும்முனை ஈட்டியில்தான் ஆரம்பிக்கிறார்கள். விலை குறைவு, எட்டுகிற தூரமும் குறைவு. மீனுக்குப் பக்கத்தில் போகக் கற்றுக்கொள்ள அதுவே போதும். எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பையன் கீழே போகும்போது மேலே யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஊரில் முத்துக்குளித்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு முங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பது அவன் மச்சானாக இருக்கவேண்டுமாம். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க எந்த அண்ணன் தம்பியும் விடமாட்டான் என்பதுதான் கணக்கு. சின்ன வயதில் இதைக் கதையாகத்தான் கேட்டேன். 16 வயதில் எனக்கே நடந்தபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

அன்றைக்குக் கானியோஹி வளைகுடாவுக்கு வெளியே, பாறைத் திட்டின் விளிம்பில் நானும் என் வகுப்புப் பையனும் இருந்தோம். சுமார் 12 மீட்டர் ஆழம். பாறைக்கு அடியில் நீலப் பாரை ஒன்று, முழங்கை நீளம். இரண்டு முறை முங்கி விட்டுவிட்டேன். மூன்றாவது முறை நிறைய நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று வேகவேகமாக இருபது முப்பது மூச்சு இழுத்து விட்டுவிட்டு இறங்கினேன். அடியில் மூச்சு முட்டவே இல்லை. இன்றைக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. மீனைக் குத்தினேன், மேலே திரும்பினேன், வெளிச்சம் கிட்ட வந்தது. அதற்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது நண்பன் என் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தில் ஊதி ஊதி "மூச்சு விடு, மூச்சு விடு" என்று கத்திக்கொண்டிருந்தான். மேல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போது என் கை கால் தளர்ந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவன் அந்த நேரம் தன் மீனைத் தேடிப் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

காரணத்தைப் பையனுக்கு விளக்கிச் சொல்லுங்கள், 15 வயதுக்குப் புரியும். மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகவேகமாக மூச்சு விட்டால் அது வெளியேறிவிடும், ஆனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. ஆகவே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும்போதும் உடம்பு எச்சரிக்காது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தம்தான் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, கடைசிச் சில மீட்டரில் மூளைக்குப் போதாமல் போய்விடும். நன்றாக நீந்துகிறவர்கள், திடகாத்திரமானவர்கள் இப்படித்தான் போயிருக்கிறார்கள். அதனால் ஒருவன் கீழே, ஒருவன் மேலே. மேலே இருப்பவன் மீன் பார்க்கக்கூடாது, நண்பனைத்தான் பார்க்கவேண்டும். அவன் மேலே வந்த பிறகும் அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை ஒரே இழுப்பில் கழன்று விழவேண்டும். சிவப்பில் வெள்ளைச் சாய்கோடு போட்ட கொடியோடு மிதவை கட்டாயம், படகு வருவது கண்ணுக்குத் தெரியாது. இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் ஈட்டி வாங்கிக் கொடுங்கள். நான் கவனமாக இருப்பேன் அம்மா, தனியாகப் போய் வருகிறேன் என்று சொன்னால் வாங்கிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

லைசென்ஸ் கேட்டீர்கள். இங்கே குடியிருப்பவர்கள் கடலில் வீட்டுத் தேவைக்கு மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்குத்தான் கேட்கிறார்கள். நீங்கள் வந்த புதிதில் எந்தக் கணக்கில் வருவீர்கள் என்று மாநிலத்தின் நீர்வாழ் உயிர்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மற்ற சட்டங்கள்தான் முக்கியம். மே முதல் ஆகஸ்ட் வரை சிங்கி இறால் பிடிக்கக்கூடாது, எந்த மாதத்திலும் அதை ஈட்டியால் குத்தக்கூடாது. நம் காலா மீனின் உறவான மோய்க்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தடை. பேய்க்கணவாய் ஒரு பவுண்டுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். ஹனவுமா வளைகுடா 1967 முதல் பாதுகாப்புப் பகுதி, அங்கே தூண்டில்கூடப் போடமுடியாது. பேராமையைத் தொடுவதே குற்றம். தூண்டிலில் சின்ன மீன் வந்தால் திருப்பி விடலாம், ஈட்டி பட்டதை விட முடியாது. அளவு கண்ணில் நிச்சயமாகத் தெரிந்தால்தான் ரப்பரை விடவேண்டும். துறையின் பட்டியலை அச்செடுத்து ஐஸ்பெட்டி மூடியில் ஒட்டி வையுங்கள், அது அவ்வப்போது மாறும்.

சாப்பிடுவதிலும் ஓர் எச்சரிக்கை. 1950களில் மீன்வளத்தைப் பெருக்குவதாகச் சொல்லி இங்கே வெளியிலிருந்து சில மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் ரோய் என்பது ஒருவகைக் களவா. உடம்பெல்லாம் நீலப்புள்ளி, பார்க்க அழகு, குத்துவதும் சுலபம். ஆனால் அதில் சிகுவடேரா என்ற நோயைத் தரும் நச்சு இருக்க வாய்ப்பு அதிகம். பவளப்பாறைப் பாசியில் ஒட்டி வாழும் நுண்ணுயிரிலிருந்து சின்ன மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறுகிற நச்சு அது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் போகாது. உதடு மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவதுபோல இருக்கும், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பமே படுத்துவிட்டது. அதே காலத்தில் வந்த தாபே, மஞ்சள் உடம்பில் நீலக் கோடு போட்ட சின்ன மீன், இங்கே கூட்டம் கூட்டமாகத் திரியும். ஊர்க்காரர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள், சங்கரா மீன் தோற்றுவிடும். பையன் அதைப் பிடித்தால் பாறைக்கு நஷ்டமில்லை.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு வகை பார்க்கிறேன். இருபது வருடம் தீவில் இருந்தும் பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடாதவர்கள் ஒரு வகை. அந்தப் பிள்ளைகள் வகுப்பில் யாரோடும் ஒட்டாமலே வளர்கிறார்கள். இன்னொரு வகை, வந்த இரண்டாம் மாதமே ஆயிரம் டாலருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் குத்தித் தரையில் பரப்பிப் படம் எடுப்பவர்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இங்கே முதலில் பிடித்த மீன் அக்கம்பக்கத்துக்குப் போகும், முதியவர்கள் வீட்டுக்குத்தான் முதலில். என் முதல் மீன் ஒரு நகரை. அங்கிள் சொன்னபடி மூன்று வீடு தள்ளி இருந்த பாட்டியிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் பேரன் பள்ளியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பின்னால் என் தாடையைத் தூக்கிப் பிடித்து முகத்தில் ஊதியவன் அவன்தான்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். கிளம்பும்போது மீன்பிடிக்கப் போகிறோம் என்று சொல்லக்கூடாது, மீனுக்குக் காது கேட்கும் என்பார்கள். ஹோலோஹோலோ போகிறோம், அதாவது சும்மா சுற்றிவரப் போகிறோம் என்றுதான் சொல்லவேண்டும். அபசகுனம் என்று படகில் வாழைப்பழம் ஏற்றமாட்டார்கள், அவர்கள் முன்னால் கேள்வி கேட்கவேண்டாம். பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் வைக்கீக்கிக் கடற்கரைப் பக்கம் பெட்டிச் சொறி என்ற கொட்டும் ஜெல்லிமீன் கரை ஒதுங்கும், அந்த நாட்களில் அங்கே இறங்காதீர்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் பழுப்பாக இருந்தாலும் வேண்டாம், சுறா கிட்ட வந்தாலும் தெரியாது. நீங்கள் வரும் ஜூனில் வடக்குக் கரை குளம்போல இருக்கும். அதை நம்பிவிடாதீர்கள், நவம்பரில் அதே இடத்தில் அலை வீட்டு உயரத்துக்கு எழும்.

அங்கிள் 2009 இல் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஈட்டியை என்னிடம்தான் கொடுத்தார்கள், வருடம் ஒரு முறை ரப்பர் மாற்றுகிறேன். இப்போது என் மகளுக்கு 13 வயது. அவளும் ஆறு மாதம் வெறுமனே மிதந்துவிட்டுத்தான் அதைக் கையில் வாங்கினாள். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் கானியோஹிப் பக்கம்தான் இறங்குவோம். உங்கள் பையனை அனுப்புங்கள், ஈட்டி இல்லாமல். மேலே நான் இருப்பேன்.

மளிகையைப் பற்றிக் கவலை வேண்டாம். புளி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும், கப்பலில் வருவதால் விலை கூடுதல், அவ்வளவுதான். மண்சட்டி மட்டும் ஊரிலிருந்து எடுத்து வாருங்கள். பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.