சீட்டு பையன் கையில் ஏன் போனது?

கேள்வி: மாமனார் குடியால் ஈரல் கெட்டு இறந்தபிறகு என் மாமியாருக்குத் தூக்கமே இல்லை. டாக்டர் பதினைந்து நாளைக்கு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருடமாகியும் அத்தை விடவில்லை. ராத்திரிக்கு ஒன்று என்றது இப்போது மூன்றாகிவிட்டது. பத்தாவது படிக்கும் என் பையன்தான் அந்தப் பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருவான், கடைக்காரர் தெரிந்தவர். அத்தையை எப்படித் திருத்துவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அத்தை இருக்கட்டும். பையனைப் பற்றி எழுதிய வரியை இன்னொரு தடவை படியுங்கள். பால் பாக்கெட் வாங்கி வருவதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கென்று 2014 முதல் அமலில் உள்ள எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து அது. விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பதினைந்து நாள் சீட்டுக்கு இரண்டு வருடம் கொடுத்தவரை 'தெரிந்தவர்' என்கிறீர்கள்!

குடும்பத்தில் குடி, மனதில் பாரம், இளவயது, கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை. இதில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே ஆபத்து. உங்கள் பையனுக்குத் தாத்தா குடித்தே போனார், பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது, மாத்திரை அலமாரியில். போட்டதும் பாட்டி அமைதியாகிவிடுவதைத் தினமும் பார்க்கிறான். கேட்டால் கொடுப்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் போடுகிறான் என்று சொல்லவில்லை. வழியைக் காட்டியது நீங்கள்.

உங்கள் கணவர் எங்கே? கடிதத்தில் அவர் பேச்சே இல்லை. பெற்றவளை டாக்டரிடம் கூட்டிப் போவது மகன் வேலை. அந்த வேலையைப் பேரன் தலையில் கட்டியது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

பயந்துபோய் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு நாள் போட்டவருக்கு அது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். மனநல மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. இந்த வாரமே மகன் அழைத்துப் போகட்டும், பழைய சீட்டும் கையோடு போகட்டும். யாரிடம் கேட்பது என்று தயக்கமிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அதுவரை மாத்திரையைப் பூட்டி வையுங்கள். ராத்திரி நீங்களே எண்ணிக் கொடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். புருஷன் போனபிறகு அந்த அம்மாவிடம் ராத்திரியில் யார் பேசினீர்கள்?

பையனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: "உன்னைக் கடைக்கு அனுப்பியது எங்கள் தப்பு, இனி நீ போக வேண்டாம்." சொல்லிவிட்டு, அவன் எப்படித் தூங்குகிறான் என்றும் கேளுங்கள்.