சிட்னியில் அறை: பணம் அனுப்பும் முன் எழுத்து வேண்டும்

கேள்வி: வேலூரில் என்னோடு படித்த, நேபாளத்தின் பொக்காராவைச் சேர்ந்த தோழி, மேற்படிப்புக்குச் சிட்னி போகிறாள். சிட்னியின் ராக்டேல் பகுதியில் நேபாளி ஒருவர் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம். நான்கு வார அட்வான்ஸ், நான்கு வார வாடகை இரண்டையும் இப்போதே கேட்கிறார். "நம்ம ஊர் ஆள்தானே, அக்ரிமென்ட் எதற்கு? காத்மாண்டுவில் என் அண்ணனிடம் ரூபாயாகக் கொடுத்துவிடு" என்கிறார். மாணவர் விடுதியில் வாடகை அதிகம். எதை எடுக்கலாம்?

பதில்: ராக்டேல் அறையை எடுக்கலாம், அவர் சொல்லும் முறையில் மட்டும் வேண்டாம். நேபாளிகள் நிறையப் பேர் வாழும் பகுதி. புது ஊரில் அது நல்ல துணைதான்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2010ஆம் ஆண்டு வீட்டு வாடகைச் சட்டப்படி, வாடகைக்கு இருப்பவரிடம் உள்வாடகைக்கு அறை எடுப்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வாடகைதாரர் என்ற கணக்கிலேயே வரமாட்டார். நாளைக்கு அட்வான்ஸைத் தராமல் இழுத்தடித்தால், இந்தச் சட்டத்தைக் காட்டித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது.

எழுத்து இருந்தால் நிலைமையே வேறு. அட்வான்ஸ் 4 வார வாடகையைத் தாண்டக்கூடாது. அதை 10 வேலை நாள்களுக்குள் அரசிடம் கட்டியாக வேண்டும், அவர் கையில் வைத்திருக்க முடியாது. முன்வாடகையாக 2 வாரத்துக்கு மேல் கேட்கவும் உரிமை இல்லை. அவர் நான்கு வார வாடகையை முன்கூட்டியே கேட்பது அங்கேயே அடிபடுகிறது. அப்புறம், உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறாரா என்றும் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த அறையை விட்டுவிடலாம்.

அண்ணனிடம் கொடுப்பது சுத்த ஹுண்டி, அதாவது வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது. நேபாளத்தில் அது குற்றம். சிட்னியில் காட்ட ரசீதும் இருக்காது. வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கியில் பணம் அனுப்பத் தேவைப்படும் நேபாளக் கல்வி அமைச்சகத்தின் தடையில்லாச் சான்றிதழை எப்படியும் வாங்கித்தானே படிக்கப் போகிறாள்? பணம் வங்கி வழியாகவே போகட்டும், அதுவும் அறையை நேரில் பார்த்த பிறகு. அதுவரை, முதல் ஒரு வாரம் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் தங்கினால் போதும்.

மாணவர் விடுதிகள் பல இந்தச் சட்டத்துக்கு வெளியே. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முக்கியம். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, பாதியில் காலி செய்தால் மீதி மாத வாடகை யார் தலையில் என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

சிட்னியில் உள்ள ரெட்ஃபெர்ன் லீகல் சென்டர் என்ற சட்ட உதவி மையம் வெளிநாட்டு மாணவர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டலாம்.